இலங்கை உதைபந்தாட்ட அணி: அரிப்பிலிருந்து பார்க்கும்போது

அரிப்பில் பின்னேரம் வெயில் தணிந்ததும் பெடியள் பந்தோடு வந்துவிடுவார்கள். கடலோர மணலில் காலில் செருப்பு இல்லாமல்தான் விளையாட்டு. கோல் கம்பத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் தடி நட்டிருப்பார்கள். சற்றுத் தள்ளி, ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்புக் காலத்தில் தங்குவதற்காகக் கட்டிய மாளிகை இடிந்துபோய் நிற்கிறது. ஊரில் அதற்குப் பெயர் அல்லிராணிக் கோட்டை.

2025 ஜூன் மாதத்தில் நான் போயிருந்த அன்று ஆர்ஜென்டினா, போர்த்துக்கல், பார்சிலோனா என்று பல நிறச் சட்டைகள் மணலில் ஓடின. இலங்கை அணியின் சட்டை ஒன்றுகூட இல்லை. ஜூன் 10 அன்று கொழும்பில் இலங்கை அணி சீன தாய்பேயை 3–1 என்று வென்று சில நாள்கள்தான் ஆகியிருந்தன. விசாரித்துப் பார்த்தேன். ஒரேயொரு பெடியனுக்கு அது தெரிந்திருந்தது, அதுவும் கைப்பேசியில் ஒரு துண்டுக் காணொளியைப் பார்த்ததால். மன்னார்க் கரையோரத்தில் கிரிக்கெட்டைவிட உதைபந்துக்குத்தான் செல்வாக்கு என்பது இந்தப் பக்கம் வந்துபோகிறவர்களுக்குத் தெரியும். தேவாலயத் திருநாள் என்றால் கிண்ணத்துக்கு ஓர் ஆட்டம் இல்லாமல் முடியாது. உதைபந்தையே மூச்சாகக் கொண்ட ஊர்களில் நாட்டின் உதைபந்தாட்ட அணி ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் அந்த அணியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இலங்கையில் உதைபந்தாட்டத்துக்கான தேசிய அமைப்பு 1939இல் உருவானது. 1952இல் அது பீபாவில் சேர்ந்தது. அதே ஆண்டு இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் விளையாடும் கொழும்புக் கிண்ணத் தொடர் கொழும்பில் ஆரம்பமானது. பிறகு அது ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று நகர்ந்து 1955இல் நின்றுபோனது. அந்தக் காலத்தில் இந்திய அணி ஆசியாவின் முன்னணி அணிகளில் ஒன்று. இலங்கை அந்த வரிசையில் கடைசி மாணவன். ஆனாலும் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அணியின் மிக மோசமான தோல்வி 1964 ஜனவரியில் வந்தது. கொழும்புக்கு வந்த கிழக்கு ஜேர்மனி அணி 12–1 என்று வென்றது. அந்த எண் இன்றுவரை பதிவேட்டில் அசையாமல் இருக்கிறது. அதற்குப் பிறகான இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பெரிய கழகங்கள் கொழும்பிலும் மேற்குக் கரையோரத்திலும் வளர்ந்தன, பாடசாலை உதைபந்து யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வளர்ந்தது, தேசிய அணி அவ்வப்போது அயல்நாடுகளுக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தது. உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் இலங்கை முதன்முதலாக விளையாடியதே 1993இல்தான். ஜப்பானும் ஐக்கிய அரபு இராச்சியமும் இருந்த குழுவில் எட்டு ஆட்டங்கள் ஆடி எட்டிலும் தோற்றது.

ஆனால் அதே ஆண்டு லாகூரில் நடந்த முதலாவது தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இரண்டாமிடம் பெற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1995 ஏப்ரல் தொடக்கத்தில், கொழும்பு சுகததாச அரங்கில் இறுதி ஆட்டத்தில் இந்தியாவைச் சந்தித்தது. மேலதிக நேரத்தில் விழுந்த தங்கக் கோலால் 1–0 என்று கிண்ணம் இலங்கைக்குக் கிடைத்தது. எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் தேசிய அணி வென்றிருக்கும் ஒரேயொரு தெற்காசியக் கிண்ணம் அதுதான்.

இந்தத் திகதியைப் பார்த்தபோது எனக்கு இன்னொரு நாட்காட்டி நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 8 அன்று அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் மோதல் நிறுத்தம் அமுலுக்கு வந்திருந்தது. ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் தாக்கப்பட்டதோடு அது முறிந்தது. ஆக, கிண்ணத்தை வென்றது துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த அந்த நூறு நாள்களுக்குள். கொழும்பில் அந்த இரவு கொண்டாட்டம் நடந்திருக்கும். மன்னாரில் அந்த வெற்றியை நினைவில் வைத்திருக்க அவகாசம் கிடைக்கவில்லை. மூன்றாவது ஈழப் போர் தொடங்கிவிட்டது.

கொழும்பிலும் அந்த நினைவு நீண்ட நாள் தங்கவில்லை, ஆனால் அங்கே காரணம் வேறு. ஒரு வருடம் நிறைவதற்குள், 1996 மார்ச் 17 அன்று, அதே லாகூரில் இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றது. விளம்பரக் காசு, தொலைக்காட்சி, பாடசாலைப் பிள்ளைகளின் கனவு எல்லாம் ஒரே திசையில் திரும்பின. அர்ஜுன ரணதுங்கவின் அணியைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் 1995இன் உதைபந்தாட்ட அணித் தலைவர் யார் என்று இன்று தெருவில் நின்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த அணியின் வேகம் இன்னும் சில காலம் இருந்தது. 1996இல், அடுத்த உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்றில், பிலிப்பைன்ஸை 3–0 என்று வென்றது. 1998 ஓகஸ்டில் பீபா தரவரிசையில் 122ஆவது இடத்துக்கு ஏறியது. அதற்கு மேல் இலங்கை ஒருபோதும் போகவில்லை. பிலிப்பைன்ஸின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாவது உச்சம் 2006 ஏப்ரலில் வங்காளதேசத்தில். வளர்ந்துவரும் ஆசிய நாடுகளுக்கென்று முதன்முதலாக நடத்தப்பட்ட ஏ.எப்.சி. செலஞ்ச் கிண்ணத்தில் இலங்கை காலிறுதியில் சீன தாய்பேயை வென்றது. அரையிறுதியில் நேபாளத்துடன் 1–1 என்று சமநிலை, பிறகு பெனால்டியில் வெற்றி. இறுதியில் தஜிகிஸ்தானிடம் 4–0 என்று தோற்றது. கடுமையான தோல்விதான், ஆனாலும் ஓர் ஆசியக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் வரை இலங்கை போனது அந்த ஒரு முறைதான். இறுதி ஆட்டம் ஏப்ரல் 16 அன்று. ஒன்பது நாள்கள் கழித்து கொழும்பில் இராணுவத் தலைமையகத்தில் தற்கொலைத் தாக்குதல் நடந்தது. இரண்டு மாதத்தில் பேசாலை வெற்றி நாயகி ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டது. 2007 செப்டெம்பர் தொடக்கத்தில் சிலாவத்துறைப் பக்கம் இராணுவ நடவடிக்கை ஆரம்பமானபோது முசலிப் பிரதேசம் முழுவதும் இடம்பெயர்ந்தது, அரிப்பும் வெறுமையானது. போர் முடிந்த பிறகுதான் சனம் திரும்பி வந்தது. அதே முசலியின் முஸ்லிம் மக்களோ 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டு ஏற்கெனவே புத்தளத்தில் இருந்தார்கள்.

தேசிய அணியின் மிகப் பெரிய வெற்றி 2008 ஏப்ரல் 4 அன்று தாய்பேயில் பதிவானது, பாகிஸ்தானுக்கு எதிராக 7–1. கசுன் ஜயசூரிய போன்ற முன்கள வீரர்கள் கோல் அடித்துக் குவித்த காலம் அது. அதே வாரத்தில்தான் மடு மாதாவின் திருச்சொரூபத்தைக் குருமார் சண்டைக்கு நடுவே ஆலயத்திலிருந்து எடுத்துத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். மன்னார் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றிடம் அந்த வாரத்தைப் பற்றிக் கேட்டால் 7–1 என்று பதில் வராது. அரிப்பில் தேசிய அணியின் சட்டை இல்லாததற்கு அக்கறையின்மையைக் காரணம் சொல்பவர்கள் இந்தத் திகதிகளை ஒருமுறை பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

போர் முடிந்தது. அணி எழும்பியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 2011 ஜூலையில் பிலிப்பைன்ஸ் மணிலாவில் இலங்கையை 4–0 என்று வீழ்த்தியது. பதினைந்து வருடத்துக்கு முன் 3–0 என்று தோற்ற அதே நாடு.

அதைவிடப் பெரிய தலைகுனிவு 2015 மார்ச்சில் வந்தது. உலகத் தரவரிசையில் அப்போது 209ஆவது, அதாவது கடைசி இடத்தில் இருந்த பூட்டான் தன் முதலாவது உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்காகக் கொழும்புக்கு வந்தது. மார்ச் 12 அன்று 1–0 என்று வென்றது. மார்ச் 17 அன்று திம்புவில் 2–1 என்று மறுபடியும் வென்றது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் பூட்டானைக் கொண்டாடின. அந்தக் கதையில் இலங்கைக்குக் கிடைத்தது தோற்றுப்போகும் பாத்திரம். இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே, மார்ச் 14 அன்று, இந்தியப் பிரதமர் மோடி தலைமன்னாருக்கு வந்து, கால் நூற்றாண்டாக நின்றுபோயிருந்த ரயில் சேவையைத் தொடக்கிவைத்தார். மன்னார்ப் பெடியன் ஒருவன் கொழும்புக்கு ரயிலேறி உதைபந்து விளையாடப் போகலாம் என்ற நிலை வந்த அந்த வாரத்தில், போய்ச் சேர வேண்டிய அணி தரைமட்டத்தில் இருந்தது.

அடுத்த பத்தாண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு கொழும்புக்கு வந்து விளையாட மக்காவ் மறுத்தது. முதல் ஆட்டத்தில் 1–0 என்று தோற்றிருந்த இலங்கைக்கு இரண்டாவது ஆட்டம் 3–0 என்று வழங்கப்பட, அடுத்த சுற்றுக்குப் போனது. அங்கே தென் கொரியா 8–0, பிறகு 5–0 என்று வென்றது. 2021 ஜூனில் லெபனானுடன் மட்டும் 3–2 என்று நெருங்கி வந்து தோற்றது. இலங்கையின் இரண்டு கோல்களையும் அடித்தவர் அஹமட் வசீம் ராசிக். பேர்லினில் பிறந்து யூனியன் பேர்லின் கழகத்தில் விளையாடியவர். 2022இல் அணி தரவரிசையில் 207ஆவது இடம் வரை இறங்கியது. பீபாவில் மொத்தமே 211 நாடுகள்தான்.

பிறகு 2023 ஜனவரி 21 அன்று பீபா இலங்கையை இடைநிறுத்தியது. சம்மேளனத் தேர்தலிலும் நிர்வாகத்திலும் வெளியார் தலையீடு என்பது காரணம். ஓகஸ்ட் இறுதியில் தடை நீங்கும்வரை அந்த ஆண்டுத் தெற்காசியக் கிண்ணம் உட்பட எதிலும் ஆட முடியவில்லை. போரால் இழந்த ஆண்டுகளுக்காவது ஒரு நியாயம் உண்டு. கதிரைச் சண்டையால் இழந்த இந்த ஏழு மாதத்துக்கு என்ன சொல்வது? ஒரு விளையாட்டு வீரனின் காலில் பத்து வருட ஓட்டம் இருந்தால் அதிகம். அதில் இந்த ஏழு மாதம் யாருடைய கணக்கிலும் எழுதப்படவில்லை.

சிறிய நாடு, அதனால்தான் முடியவில்லை என்று எங்களவர்கள் சொல்வது வழக்கம். இலங்கையில் இரண்டு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். உருகுவேயில் நாற்பது இலட்சம்கூட இல்லை. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எங்களுக்குத் தென்மேற்கே கடலில் இருக்கும் மாலைதீவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர்தான். அவர்கள் 2008இலும் 2018இலும் தெற்காசியக் கிண்ணத்தை வென்றார்கள். இலங்கையின் நல்ல வீரர்கள் சம்பளத்துக்காக மாலைதீவுக் கழகங்களுக்குப் போகிறார்கள். தேசிய அணியின் கோல்காப்பாளர் சுஜான் பெரேராவும் அப்படிப் போனவர்தான்.

மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸும் அப்படிப் போனவர். பின்களத்தில் நின்று தேசிய அணிக்கு விளையாடியவர். இந்தக் கரையோரத்தில் இலங்கை அணி என்றதும் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் பெயர் அவருடையது. மாலைதீவின் வலன்சியா கழகத்துக்கு விளையாடிக்கொண்டிருந்தபோது 2022 பெப்ரவரியில் மாலேயில் உயிரிழந்தார். வயது 31. மன்னார் அந்த மரணத்தைத் தன் வீட்டு மரணமாகவே எடுத்துக்கொண்டது. அரிப்பில் நான் சந்தித்தவர்கள் தேசிய அணியைப் பற்றிப் பேசத் தயங்கினார்கள். அவரைப் பற்றிப் பேசத் தயங்கவில்லை.

ஏன் ஒரு டக்சன் மட்டும், ஏன் பத்துப் பேர் இல்லை என்ற கேள்விக்கு ஒரு பட்டியல் பதில் சொல்லும். 2021இல் தொழில்முறை நோக்கோடு தொடங்கப்பட்ட சுப்பர் லீக்கில் பத்துக் கழகங்கள் இருந்தன. கொழும்பு எப்.சி., ரினௌன், இரத்தினம், களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார், வென்னப்புவ நியூ யங்ஸ், நாவலப்பிட்டி அப்கன்ட்ரி லயன்ஸ். மீதி மூன்றும் படையினரின் அணிகள்: தரைப்படையின் டிபென்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ். வடக்கிலிருந்து ஒன்றுமில்லை, கிழக்கிலிருந்து ஒன்றுமில்லை. இரத்தினம் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கொழும்புக் கழகம்.

இதைப் படிக்கும்போது படையினரின் அணிகளைக் கவனிக்க வேண்டும். உதைபந்தால் மட்டும் பிழைக்க முடியாத நாட்டில் மாதச் சம்பளமும் பயிற்சி நேரமும் சாப்பாடும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் படைகள்தான். தென்பகுதியின் ஏழை வீட்டுப் பெடியன் ஒருவனுக்கு அது வழக்கமான வழி. அரிப்புப் பெடியனுக்கு? சட்டத்தில் தடை இல்லை. ஆனால் தன் ஊரை இடம்பெயரச் செய்த படையின் சட்டையைப் போட்டுக்கொண்டு பந்து விளையாடப் போ என்று எந்தத் தாய் சொல்வாள்? இந்த வழி அடைபட்டிருப்பதைத் தேர்வாளர்களின் பாரபட்சம் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பாரபட்சம் இல்லை என்று சொல்லவும் வரவில்லை. தேர்வாளரின் கண்ணில் படும் இடத்துக்கே வீரன் வந்து சேரவில்லை என்பதுதான் முதல் சிக்கல். அரிப்பிலிருந்து கொழும்புக்கு முருங்கன், மதவாச்சி என்று சுற்றித்தான் போக வேண்டும். வில்பத்து ஊடாகப் புத்தளத்துக்குப் போகும் குறுக்கு வீதி பல ஆண்டுகளாக வழக்குக்குள் கிடந்தது. மீன்பிடித் தொழிலில் தகப்பனுக்குக் கைகொடுக்கும் பதினாறு வயதுப் பெடியன் ஒரு பயிற்சி முகாமுக்காக இரண்டு நாளை ஒதுக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸுக்குத் திரும்புவோம். அந்த நாடு வெளிநாடுகளில் பிறந்த பிலிப்பைன் வம்சாவளி வீரர்களைத் தேடிப்பிடித்து அணியைக் கட்டியது. 2019இல் முதன்முதலாக ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றில் ஆடியது. இலங்கை இன்னும் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. அந்தப் பாதையைத்தான் இப்போது இலங்கையும் பிடித்திருக்கிறது. இங்கிலாந்தில் வளர்ந்த டிலன் டி சில்வா, ஜேர்மனியில் வளர்ந்த குளோடியோ கம்மர்க்னெக்ட் என்று பட்டியல் நீள்கிறது. அதில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. பரத் சுரேஷ் அவுஸ்திரேலியாவிலும் ஆதவன் ராஜமோகன் சுவீடனிலும் வளர்ந்தவர்கள். போரால் ஊரைவிட்டுப் போன சமூகத்தின் அடுத்த தலைமுறை, அந்த நாட்டின் சட்டையையே போட்டுக்கொண்டு திரும்பி வருவதை எப்படிப் பார்ப்பது என்று புலம்பெயர்ந்தோர் மத்தியில் ஒரே கருத்து இல்லை. தமிழீழம் என்ற பெயரிலேயே ஓர் அணி 2012இல் குர்திஸ்தானிலும், பீபாவில் இல்லாத அணிகளுக்கான கொனிபா தொடரில் 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும் ஆடியது. இன்னொரு பக்கம், வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி கழகத்துக்காக 2023இல் களமிறங்கி, இங்கிலாந்துத் தொழில்முறை உதைபந்தில் ஆடிய முதல் தமிழர் ஆனார். அவர் ஆடியது வேல்ஸின் இளையோர் அணிகளுக்கு. ஒரே தலைமுறைக்கு மூன்று சட்டைகள். எது சரி என்று தீர்ப்பு வழங்க நான் வரவில்லை.

முடிவுகளைப் பொறுத்தவரை புதிய பாதை பலன் தருகிறது. தடை நீங்கிய சில வாரங்களில், 2023 ஒக்டோபரில், யேமனுடன் கொழும்பில் 1–1 என்று சமநிலை. 2024 மார்ச்சில் பூட்டானை 2–0 என்று வென்று ஒன்பது வருடக் கணக்கைத் தீர்த்தது. செப்டெம்பரில் கம்போடியாவுடன் இரண்டு ஆட்டங்களும் சமநிலையில் முடிய, பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. 2025 மார்ச்சில் தாய்லாந்து தன் மண்ணில் இலங்கையை 1–0 என்றுதான் வெல்ல முடிந்தது. ஜூனில் சீன தாய்பேக்கு எதிரான அந்த 3–1. குழுவில் முதலிடம் பெறும் அணி மட்டும் 2027 சவூதி அரேபியா ஆசியக் கிண்ணத்துக்குப் போகும் என்பதே அந்தச் சுற்றின் விதி. அந்த ஜூனில் மீதியிருந்த ஆட்டங்கள் துர்க்மெனிஸ்தானுடன் இரண்டு, தாய்லாந்துடன் கொழும்பில் ஒன்று, சீன தாய்பேயுடன் ஒன்று.

எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அணி வெல்வது மகிழ்ச்சிதான். ஆனால் ஸ்டொக்ஹோமிலும் சிட்னியிலும் வீரரைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு அரிப்பும் பள்ளிமுனையும் வங்காலையும் தென்படவில்லை. பிலிப்பைன்ஸின் வெற்றிக்குப் பிறகும் அங்கே உள்ளூர் லீக் தடுமாறியது என்பதையும் சேர்த்துத்தான் அந்த உதாரணத்தைப் படிக்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு கழகமாவது உச்ச லீக்கில் சம்பளத்தோடு ஆடும் நிலை வந்தால் போதும், மற்றதைப் பெடியள் பார்த்துக்கொள்வார்கள்.

கிளம்பும்போது இருட்டிவிட்டது. காணொளி பார்த்த அந்தப் பெடியன் பின்களத்தில் விளையாடுகிறவன். தாய்லாந்து ஆட்டத்துக்குக் கொழும்புக்குப் போய்ப் பார்க்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டான். முருங்கனிலிருந்து ரயில், கொழும்பில் ஓர் இரவு தங்கல், சாப்பாடு, அரங்கத்து நுழைவுச்சீட்டு என்று இருவருமாக விரலில் எண்ணிப் பார்த்தோம். அவன் தகப்பனின் படகில் ஒரு வாரம் கடலுக்குப் போக வேண்டிவரும். போகலாம் என்றான், கடல் நன்றாக இருந்தால்.